கடைசி அங்குலம்

கலாமணியைத் தேடிக் கூப்பிட்ட முதல் சட்டை ரொம்ப மரியாதைக்காரச் சட்டை.

"வணக்கம். நான் ஒரு வெளிர்நீல டி-ஷர்ட். என்னை ஆறு மாதமாக யாரும் உடுத்தவில்லை. நீங்கள்தான் என் உற்பத்தியாளர். எனக்கு ஒரு வழி செய்யுங்கள்."

அவள் அப்போது மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தாள். வாயில் சோறு. ராங் நம்பர் என்று சொல்லிப் போனைக் கவிழ்த்து வைத்தாள். கை கழுவிவிட்டு வருவதற்குள் அந்தச் சட்டை தன் சொந்தபந்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒன்று கறுப்பு. ஒன்று மஞ்சள், நெஞ்சில் வாத்துப் படம் போட்டது. எல்லாமே ஒரே குரலில், நீங்கள்தான் என் உற்பத்தியாளர் என்றன.

"இதென்றா கூத்து," என்றாள் கலாமணி. "பெத்தவளக் கூப்புடற மாதிரியல்லோ கூப்புடுது."

திருப்பூரில், அனுப்பர்பாளையத்துக்குப் பின்னால், மூடிப்போன சாயப்பட்டறை ஒன்றின் இடத்தில் தகரக் கொட்டகை போட்டு எட்டு மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள் அவள். ஜாப் ஒர்க். பெரிய கம்பெனிகள் அனுப்புவதைத் தைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். சின்ன வயதிலேயே பவர் டேபிளில், வரிசையாக மோட்டார் மிஷின் ஓடுகிற இடத்தில், கைமடிக்கப் போனவள். டைலருக்குத் துணி மடித்துக் கொடுத்து, பீஸ் எடுத்துக் கொடுத்து, மேஸ்திரியின் வாயிலிருந்து வந்ததையெல்லாம் காதில் வாங்கி வளர்ந்தவள். எட்டு மிஷினையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து இந்தக் கொட்டகைக்குள் நிறுத்திய நாளில், இனிச் செத்தாலும் அடுத்தவன் டேபிளில் உட்காருவதில்லை என்று சொல்லிக்கொண்டாள். சொன்னபடி இருந்தும் வந்தாள், இந்தச் சட்டைகள் வாய் திறக்கிற வரைக்கும்.

சட்டைகளுக்கு வாய் வந்தது ஒரு சட்டத்தால். உடுப்புப் பொறுப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். உலகம் முழுக்கப் பழந்துணி மலையாகக் குவிந்து, பாலைவனத்திலும் கடற்கரையிலும் கொட்ட இடமில்லாமல் போனபோது கொண்டுவந்தார்கள். சட்டையைச் செய்தவன்தான் அதற்குக் கடைசிவரை பொறுப்பு. ஒன்று அது யாராவது ஒருவர் உடம்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரிந்து மறுபடி நூலாக வேண்டும். இரண்டுமில்லாமல் கிடக்கக் கூடாது. இதற்காகவே ஒவ்வொரு சட்டையிலும் தலைமுடி கனத்தில் ஒரு நூல் ஓடியது. உடம்புச் சூட்டை அது அறியும். தைக்கிற மிஷின் அதில் தன் முதலாளி பெயரை எழுதிவிடும். சூடு படாமல் ரொம்ப நாள் கிடந்தால், கடைசியாக எழுதியிருக்கிற பெயரைப் பார்த்துப் போன் போடும்.

நல்ல சட்டம்தான். ஆனால் அதைக் குழந்தைவேலு விளக்கிச் சொன்ன விதத்தை இப்போது நினைத்துப் பார்த்தால் கலாமணிக்கு வயிறு எரிந்தது. குழந்தைவேலு பொன்மேகம் நிட்ஸ் முதலாளி. ஒரு காலத்தில் அவர் டேபிளில்தான் அவள் கைமடித்தாள். சட்டம் வந்த புதிதில் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காப்பி வாங்கிக் கொடுத்தார். அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"செஞ்சவன் யாருன்னு வெளிநாட்டுல பெரிய பெரிய வக்கீலெல்லாம் உக்காந்து ரோசனை பண்ணிருக்காங்க அம்மிணி. பருத்தி வெளைய வச்சவனா, நூல் நூத்தவனா, சாயம் போட்டவனா? துணி எப்பச் சட்டையாகுது? கடைசித் தையல் விழுகறப்ப. அதப் போடறவந்தான் செஞ்சவன்."

"அப்ப, பேரப் போட்டு விக்கறவன்?"

"அவன் விக்கறவன்."

அதன்பிறகு பொன்மேகத்திலிருந்து வந்த பண்டல்களில் கழுத்து, தோள், கை, பக்கத் தையல் எல்லாமே முடிந்திருந்தது. கீழ்மடிப்பு மட்டும் பாக்கி. ஒரு சுற்று ஓட்டினால் சட்டை முடிந்தது. இவ்வளவு லேசான வேலையை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை என்று கொட்டகையே சந்தோஷப்பட்டது. சட்டைமேல் சட்டையாக முடித்துத் தள்ளினார்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் கலாமணியின் பெயர் ஒருமுறை எழுதப்பட்டதை யாரும் கவனிக்கவில்லை.

பேசத் தொடங்கிய ஒரே மாதத்தில் சட்டைகள் நேரிலும் வர ஆரம்பித்தன. துறைமுகத்திலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கின. பாதிக்கு மேல் கடை மடிப்புக்கூடக் கலையாதவை. வாங்கினவர்கள் ஒருமுறை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு கழற்றிப் போட்டவை மிச்சம். கழிவு நூல் மில்லுக்கு ஏற்றி அனுப்பினாள். மில்காரர் ஒன்றை இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பினார். பருத்தியில் பாலியஸ்டரைக் கலந்து, அதற்குமேல் ரப்பர் நூலையும் ஓட்டி வைத்திருக்கிறார்கள், இதைப் பிரிக்க எந்த மிஷினும் இன்னும் பிறக்கவில்லை என்றார். யார் கலக்கச் சொன்னது என்று கேட்டார். கலாமணிக்கு என்ன தெரியும். அவளைக் கேட்டா கலந்தார்கள்.

மில் எடுக்காவிட்டால் உடம்பு வேண்டும். அதனால் உடம்பு தேடினாள். டைலர்கள் ஆளுக்கு நாலு சட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு தைத்தார்கள். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில். ஒருத்தி மயங்கி விழுந்தாள், தண்ணீர் தெளித்து எழுப்பியதும் முதல் வேலையாக மூன்றைக் கழற்றி எறிந்தாள். கழற்றி எறிந்த மூன்றும் சாயங்காலமே போன் போட்டன. கலாமணியின் புருஷன் கருப்பணன் அதற்கு ஒரு யோசனை சொன்னான். சட்டைக்குச் சூடுதானே வேண்டும், நம் எருமைகள் சும்மாதானே நிற்கின்றன என்றான். இரண்டு எருமைக்கும் தொப்பி வைத்த பெரிய பனியன்களை மாட்டி, அதற்குள் இன்னும் பத்தைத் திணித்துக் கட்டினான். இரண்டு நாள் போன் ஓய்ந்திருந்தது. மூன்றாம் நாள் கூப்பிட்ட சட்டை கவலையோடு பேசியது.

"என்னை உடுத்தியிருப்பவருக்குக் காய்ச்சல் அடிப்பதுபோல் தெரிகிறது. உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்."

மறுநாள் ஒரு நர்ஸ் பெண் ஸ்கூட்டரில் வந்து, நோயாளி எங்கே என்று கேட்டாள். கருப்பணன் தொழுவத்தைக் காட்டினான். அவள் சிரித்துவிட்டுப் போனாள். ஆனால் அவள் பின்னாலேயே அரசாங்கத்தின் எச்சரிக்கை வந்து சேர்ந்தது. ஆளில்லாத சட்டைகள் அளவு மீறிப் போகின்றன, ஆடி மாதத்துக்குள் குறையாவிட்டால் எட்டு மிஷினின் மோட்டாரும் தாமாகப் பூட்டிக்கொள்ளும் என்றது. பூட்டு என்றால் சாவி போட்டுத் திறக்கிற பூட்டு இல்லை. காலால் மிதிக்க மிதிக்க மிஷின் கல்லாக நிற்கும். பக்கத்துத் தெருவில் ஒரு கொட்டகை அப்படித்தான் நின்றது. அதை நடத்தியவர் இப்போது பொன்மேகத்தில் செக்கிங் டேபிளில் உட்கார்ந்து பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார்.

கலாமணிக்குத் தூக்கம் போயிற்று. மிஷின் பூட்டினால் பெண்கள் வேறு எங்காவது போய்விடுவார்கள், திருப்பூரில் டைலருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. தான் மட்டும் திரும்பப் போய் யார் டேபிளில் உட்காருவது? குழந்தைவேலு சந்தோஷமாக இடம் தருவார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அவளைக் காப்பாற்றியது யாருடைய மூளையும் இல்லை, ஒரு பிழை. கொட்டகையில் பிகாஷ் என்றொருவன் தைத்தான். ஒடிசாக்காரன், முப்பது வயது, அப்போதுதான் பெண் நிச்சயமாகியிருந்தது. ஒரு பண்டல் முழுக்க அந்தப் பெண்ணோடு போனில் பேசிக்கொண்டே தைத்தான். கீழ்மடிப்பு சுற்றி வந்து சேர வேண்டிய இடத்தில், ஒவ்வொரு சட்டையிலும் ஒரு அங்குலம் சேராமல் விட்டிருந்தான். பொன்மேகத்துச் செக்கிங்கிலிருந்து கூப்பிட்டு அவளைக் கிழித்தார்கள். ஷிப்மென்ட் போகிற நேரத்தில் தையல் விட்ட பீஸ்களை அனுப்பியிருக்கிறாயே, திருப்பி அனுப்பவா நேரமிருக்கிறது, நாங்களே எங்கள் ஆல்டர் டேபிளில் போட்டு முடித்தோம் என்றார்கள். திருப்பூரில் எல்லாக் கம்பெனியிலும் அப்படியொரு டேபிள் உண்டு. செக்கிங்கில் அடிபடுகிற பீஸ்களைக் கடைசி நிமிஷத்தில் சரிபண்ணுகிற இடம். கன்டெய்னர் வாசலில் நிற்கும்போது எந்த முதலாளியும் யார் தைத்தது என்று பார்ப்பதில்லை, முடித்து ஏற்று என்றுதான் கத்துவார்.

கலாமணி பிகாஷைத் திட்டுவதற்காக வாய் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

"ஏன்டா பிகாஷு, ஆல்டர் டேபிள் மிஷின் யாரு பேர்ல இருக்குது?"

"மொதலாளி பேர்ல, அக்கா."

"அப்ப கடைசித் தையல் போட்டது யாரு?"

பிகாஷ் பொன்மேகம் இருக்கிற பக்கம் விரலைக் காட்டினான். அப்புறம் சிரித்தான். மிட்டாய் வாங்கப் பிகாஷை அனுப்பினாள் கலாமணி, திட்டும் வசவும் அதோடு மறந்துபோயின.

திட்டம் லேசானதுதான், ஒரு அங்குலம் விட வேண்டும், அவ்வளவே. ஆனால் அதை மயிலாவிடம் சொன்னபோதுதான் சிக்கல் தெரிந்தது. மயிலா அந்தக் கொட்டகையிலேயே நல்ல டைலர். இருபத்தைந்து வருஷமாக ஒரு பீஸ் ஆல்டருக்குப் போனதில்லை. விடு என்றால் அவள் கை விடும். கால் விடாது. சுற்று முடிவு நெருங்க நெருங்கப் பெடல் தானாக அமுங்கி, பாக்கி அங்குலத்தையும் தைத்து, நூலை வெட்டி, பீஸைத் தள்ளிவிடும்.

"கால் கேக்க மாட்டீங்குதுக்கா," என்றாள் மயிலா. அழுகிற நிலைமை. "தப்பாத் தைக்கறதுக்கு எனக்கு யாரும் பழக்கி உடல."

பெடலுக்கடியில் கட்டையை வைத்துப் பார்த்தார்கள். கட்டை நொறுங்கியது. கடைசியில் கலாமணியே அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தையல் முடிவுக்கு ஒரு அங்குலம் இருக்கும்போது மெதுவாகக் கேட்பாள்.

"உங்க மாமியா நேத்துக் கோயில்ல உன்னயப் பத்தி என்னமோ சொன்னாங்களாமா?"

மயிலாவின் கால் பெடலை விட்டுக் கிளம்பும். "என்ன சொன்னா?"

"அத உடு. பீஸத் தள்ளு."

அடுத்த பீஸுக்கு மாமியார் செய்த பொரியல். அதற்கடுத்ததற்கு மாமியார் கட்டின சேலை. அன்று சாயங்காலத்துக்குள் மயிலா ஒரு பண்டல் முழுக்கத் தப்பாகத் தைத்து முடித்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் மாமியாரிடம் மூன்று நாள் பேசவில்லை. மாமியாருக்குக் காரணம் தெரியாது.

பண்டல்களைக் கலாமணி வேண்டுமென்றே நேரம் கடத்தி, கன்டெய்னர் வந்து நிற்கிற நேரமாகப் பார்த்து அனுப்பினாள். செக்கிங்கில் கத்தினார்கள், ஆல்டரில் முடித்தார்கள், ஏற்றினார்கள். எங்கள் டைலர்களுக்குக் கை சரியில்லை என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். புதுச் சட்டை எதுவும் அவள் பெயருக்கு வரவில்லை. பழையதை ஊட்டி, கொடைக்கானல் என்று குளிர்ப்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்துக் கொடுத்துக் குறைத்தாள். ஆடி பிறந்தது. மோட்டார்கள் ஓடின.

ஐப்பசியில் குழந்தைவேலு காரை வாசலில் நிறுத்திவிட்டு, போனைக் கையில் உயிருள்ள தவளையைப் பிடித்ததுபோலப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்தவுடனே ஸ்டூலில் உட்கார்ந்தார். அவரை இந்தக் கொட்டகையில் யாரும் பார்த்ததில்லை.

"வாத்துப் படம் போட்ட சட்டை ஒண்ணு என்னையத் தூங்க உடமாட்டீங்குது கலா."

"மஞ்சக் கலருங்களாண்ணா? அது அப்படித்தானுங். பாவம், நல்ல சட்டை."

"நீ வேணும்னே பண்ணிருக்கற."

"கை தவறிப்போச்சுங்ண்ணா. நல்ல டைலரே கெடைக்கறதில்லீங்."

"மயிலா கை தவறுமா?"

"அவளுக்கு மாமியா தொந்தரவுங்."

மயிலா குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. குழந்தைவேலு எழுந்து நின்று, இனி இந்தக் கொட்டகைக்கு ஒரு பண்டல் வராது என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, அதனால் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"போச்சாதுங்ண்ணா, போனாப் போகுதுங்," என்றாள் கலாமணி. "இங்க வராட்டி வேற கொட்டகைக்குப் போகும். ஊர்ல எல்லா டைலருக்கும் மாமியா இருக்கறாங்க."

அவர் அவளைப் பார்த்தார். ஊர் முழுக்க இந்த அங்குலம் பரவிவிட்டது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. மறுபடி உட்கார்ந்தார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. தன் தலையில் விழுந்ததைக் கீழே தள்ளிவிட்டவர், அவ்வளவுதான். அவரும் பழைய காலத்தில் இரண்டு மிஷினோடு தொடங்கியவர்தான். கலாமணி காப்பி வாங்கிவரச் சொன்னாள். அவர் குடிக்கிற வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"இந்தக் கலப்படத் துணி வேணும்னு சொன்னது நீங்களாங்ண்ணா?"

"பையர்."

"வாரத்துக்கு ஒரு டிசைன் வேணும்னது?"

"பையர்."

"அப்ப நீங்க எதுக்குங் அந்த அங்குலத்த மூடறீங்?"

அடுத்த ஷிப்மென்ட் பொன்மேகத்திலிருந்து ஒரு அங்குலம் திறந்தபடியே கப்பலேறியது. அங்கே பேரைப் போட்டு விற்கிற பையர்கள், அந்தப் பிராண்டுக்காரர்கள், முதலில் குதித்தார்கள். அப்புறம் அவர்களுக்குள் ஒரு கெட்டிக்காரன் இருந்திருக்கிறான். திறந்த அங்குலத்தோடு ஒரு ஊசியும் நூலும் வைத்து, முடிப்பது நீங்கள்தான் என்று விளம்பரம் போட்டு விற்றான். கடைசித் தையல் விழும்வரை அது சட்டையே இல்லை, அந்தத் தையலோ வாங்கினவன் கையில். சட்டப்படி அவனே செய்தவன். நாகரிகம் என்று ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். பையர் மறுபடி வாரத்துக்கு ஒரு டிசைன் கேட்டான். துணி இன்னும் மெலிந்தது. குழந்தைவேலு பண்டல்களை அனுப்பும்போது ஒரு பெட்டி இனிப்பும் அனுப்பினார். கலாமணி அந்த இனிப்பைத் தின்னவில்லை, பிகாஷ் தின்றான்.

இனிப்பு தீர்வதற்குள் ஒரு போன் வந்தது. சட்டை இல்லை, மனுஷி.

"அக்கா, நான் பாரிஸில இருந்து கதைக்கிறன். யோகராணி. சின்னத் தையல்கடை ஒண்டு வச்சிருக்கிறன். சட்டையில தைச்ச ஆக்கள் எல்லாற்ற பேரும் கிடக்குது, அதுல உங்கட நம்பர் எடுத்தனான்."

"சொல்லு கண்ணு."

"இஞ்ச சனத்துக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. எல்லாரும் என்னட்டக் கொண்டுவந்து தாறாங்கள். நானும் மிஷினில ஒரு இழுவை இழுத்துக் குடுத்தன். இப்ப சட்டையள் எனக்கு ஃபோன் எடுக்குது அக்கா. கடையைப் பூட்டப்போறம் எண்டு கடிதமும் வந்திட்டுது."

கலாமணி தையலை நிறுத்திவிட்டுப் போனை மறுகாதுக்கு மாற்றினாள். எங்கே தள்ளிவிட்டாலும் சுற்றிச் சுற்றி வந்து ஒரு டைலர் மடியில்தான் விழுகிறது. இந்த முறை தள்ளிவிட்டதில் தன் கையும் இருக்கிறது. அது அவளுக்கு உறைத்தது.

"தையல் உட்டிருக்கற சட்டைக்கு எங்கூர்ல டேமேஜ்னு பேரு கண்ணு. டேமேஜ எங்க கொண்டு போகோணும்?"

"வாங்கின கடைக்கு."

"வாரவங்ககிட்ட அதச் சொல்லு. ஓட்டைச் சட்டைய வித்துப்போட்டாங்கன்னு கடைல போய்ச் சத்தம் போடச் சொல்லு. கடைக்காரன் அவன் மிஷின்ல தைச்சுக் குடுப்பான். நீ மட்டும் மிஷினத் தொட்றாதே."

"அவங்கள் இது ஃபேஷன் எண்டு சொன்னால்?"

"காசு குடுத்தவங்க நாலு பேரு சேந்து கத்துனா ஃபேஷன் அரைநாள்ல டேமேஜாயிரும்."

யோகராணி அந்தத் தெருவிலிருந்த மற்றத் தையல்காரர்களுக்குச் சொன்னாள். அவர்கள் வங்காளத்துக்கும் துருக்கிக்கும் போன் போட்டார்கள். பனிக்காலம் முடிவதற்குள் பிராண்டின் கடைகளில் ஆல்டர் டேபிள் போட வேண்டியதாயிற்று. அங்கே மிஷின் எழுதியது பிராண்டின் பெயரை. சட்டைகள் நேராகத் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டன, அந்த ஊர் பாஷையில், அதே மரியாதையோடு.

எப்படியும் தங்கள் பெயர்தான் என்று ஆனபிறகு, ஐரோப்பாக் கூலியில் தைப்பதைவிடத் திருப்பூரிலேயே தங்கள் மிஷினை வைத்து முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். கலாமணியின் கொட்டகை மூலையில் ஒரு மிஷின் வந்து இறங்கியது. அதில் உட்கார ஆள் கேட்டார்கள். தாராளமாக உட்காருகிறோம், ஆனால் உட்காருகிறவளைப் பிராண்டின் சொந்த ஆளாக, நிரந்தரமாக, பேர் போட்டு வேலைச் சீட்டுக் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் கலாமணி. சட்டை மலையைப் பார்த்துப் பயப்படாத பிராண்டுக்காரர்கள் அந்தச் சீட்டுக்குப் பயந்தார்கள். ஒருத்திக்குக் கொடுத்தால் ஊருக்கே கொடுக்க வேண்டும். ஒரு மாதம் யோசித்துவிட்டு, ஏற்கெனவே தங்கள் சம்பளத்தில் இருக்கிற ஒருவனை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். ஹென்ரிக். தலைமை அலுவலகத்தில் சுற்றுச்சூழல் பிரிவுக்குப் பெரிய அதிகாரி. நல்ல பையன். ஊசிக்கு எந்தப் பக்கம் காது என்று அவனுக்குத் தெரியாது.

இப்போது பிராண்டின் சட்டைகள் உலகத்துக்குப் போகிற வேகம் ஹென்ரிக்கின் கால் வேகம். கொட்டகையில் எத்தனை பேர் தைத்துத் தள்ளினாலும், கடைசி அங்குலத்தை அவன்தான் மூட வேண்டும். வாரத்துக்கு ஒரு டிசைன் என்பது ஆறு மாதத்துக்கு ஒன்றாயிற்று. ஒவ்வொரு சட்டையையும் கையால் தொட வேண்டியிருந்ததால், மெலிந்த துணியைப் பார்த்து அவனே அலுவலகத்துக்குச் சண்டைக் கடிதம் எழுதினான். கனத்த பருத்தித் துணி வர ஆரம்பித்தது. பழைய மில்காரர் ஒரு துண்டைக் கசக்கிப் பார்த்து, இதைப் பிரிக்கலாம் என்றார். பெண்களுக்கு ஓவர்டைம் நின்றுபோனது, அந்த முணுமுணுப்பு கொட்டகையில் இருக்கத்தான் செய்தது. எட்டு மிஷினில் ஐந்துதான் ஓடியது. வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினார்கள், கை மட்டும் காலியாக.

ஒருநாள் ஹென்ரிக் முடித்த பீஸ் ஒன்றை மயிலா எடுத்துப் பார்த்தாள். அங்குலத் தையல் பாம்பு போன தடம்போல் வளைந்திருந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. நொடியில் பிரித்துத் தன் மிஷினில் வைத்துவிட்டாள். கால் பெடலுக்குப் போயிற்று.

"மயிலா," என்றாள் கலாமணி.

கொட்டகையில் எல்லா மிஷினும் நின்றன. மயிலா காலைத் தூக்கி, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கலாமணி எழுந்து போய்ப் பீஸை எடுத்து, ஹென்ரிக்கின் முன்னால் வைத்தாள். அவன் நிமிர்ந்து, இது எதற்குத் திரும்பி வந்தது என்று பிகாஷிடம் கேட்டான்.

"ஆல்டர்னு சொல்லு," என்றாள் கலாமணி. "மறுபடி போடச் சொல்லு. பொறுமையாப் போடட்டும், நமக்கென்ன அவசரம்."

வெளியே கன்டெய்னர் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். ஹென்ரிக் திரும்பிப் பார்க்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, அங்குலத்தில் பாதியைத் தாண்டியிருந்தான்.